பட்டறைப் பதில்கள்: ரோலர் கோஸ்டரில் வயிறு ஏன் கூசுகிறது?

பள்ளி விடுமுறையில் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை திடலில் ஃபன்ஃபேர் போட்டிருந்தார்கள். ராட்டினம், பலூன் சுடுவது, கூடவே கம்பளிப்பூச்சி முகம் வைத்த ஒரு குட்டி ரோலர் கோஸ்டர். அதைப் பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதினேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. தண்ணீர்ப் பம்பு, புல்வெட்டும் மெஷின் பற்றிய கேள்விகளை அடுத்த மாதம் பார்ப்போம். இந்த இதழ் முழுக்க ரோலர் கோஸ்டர்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் செம்பனை ஆலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன். 61 வயது வரை ரோலர் கோஸ்டரில் ஏறியதில்லை. பேத்திதான் கோலாலம்பூருக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் அங்காடிக் கட்டடத்துக்குள்ளேயே 2003இல் திறந்த 'சூப்பர்சோனிக் ஒடிசி'. ஆளைத் தலைகீழாகவும் புரட்டும். இரண்டு தடவை ஏறினேன், முதலில் முன் வரிசையில், அப்புறம் கடைசி வரிசையில். இங்கே சொல்லப்போவதில் பாதி அன்றைக்கு உடம்பில் பட்டது. மீதி பட்டறையில் கற்றது.

ஐயா, இறக்கத்தில் வயிறு ஏன் அப்படிக் கூசுகிறது? வேகம் அதிகமாவதாலா?
- படிவம் 4 மாணவி, சுங்கை சிப்புட்

வேகத்தால் இல்லை, மகளே. நெடுஞ்சாலையில் காடி 110இல் போகும்போது பின் சீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறோம். உடம்புக்கு வேகம் தெரியாது. வேகம் மாறினால்தான் தெரியும், திசை மாறினால் தெரியும்.

இப்போது நீ நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறாய். நாற்காலி உன்னைக் கீழிருந்து தாங்குகிறது. அந்தத் தாங்கலைத்தான் நாம் நம்முடைய எடை என்று உணர்கிறோம். உள்ளே இரைப்பையும் குடலும் இறுக்கிக் கட்டி வைத்தவை அல்ல, கொஞ்சம் தொங்கலாகவே இருக்கின்றன. சீட்டும் நீயும் ஒன்றாகக் கீழே விழத் தொடங்கினால் தாங்கல் குறைகிறது, உள்ளே தொங்கிக்கொண்டிருந்ததும் தொங்குவதை விட்டுவிடுகிறது. அந்த மாற்றம்தான் கூச்சம். எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் பாலத்துக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. அப்பா மோட்டாரில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு அதில் கொஞ்சம் முறுக்கி ஏறினால் இதே கூச்சம் வரும். மெதுவாக ஏறினால் ஒன்றும் வராது.

அந்த மேட்டை யாரும் எனக்காகக் கட்டவில்லை. ரோலர் கோஸ்டர் மேட்டைக் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். ஒரு கல்லைச் சாய்வாக எறிந்தால் அது வானத்தில் ஒரு வளைவு போட்டு விழும் இல்லையா? மேட்டின் முதுகை அதே வளைவில் செய்து, வண்டியும் அந்தக் கல்லின் வேகத்திலேயே அங்கே வந்தால், நீயும் எறிந்த கல்தான். சீட்டில் இருப்பாய், ஆனால் சீட்டில் பாரம் இருக்காது. மேட்டை அதைவிடக் கூர்மையாக வளைத்தால் உடம்பு சீட்டை விட்டு எழும்பும், மடிமேல் இருக்கும் கம்பிதான் பிடித்து நிறுத்தும். மேட்டைத் தட்டையாக விட்டால் பேருந்துப் பயணம் மாதிரி ஆகிவிடும். ஆகவே வண்டி எந்த மேட்டுக்கு எந்த வேகத்தில் வரும் என்று தெரிந்த பிறகுதான் அந்த மேட்டின் வடிவத்தையே வரைய முடியும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான். ஒரு மனிதன் எந்த நொடியில் எவ்வளவு மிதக்க வேண்டும் என்று தாளில் எழுதி, அதற்கு ஏற்றபடி இரும்பை வளைக்கிறார்கள்.

அண்ணே, அந்த வண்டியில் இன்ஜினே கிடையாது என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். இன்ஜின் இல்லாமல் எப்படி முழுச் சுற்றும் ஓடும்?
- லாரி ஓட்டுநர், காப்பார்

மகன் சொன்னது சரி தம்பி. பெரும்பாலான ரோலர் கோஸ்டரில் மோட்டார் முதல் ஏற்றத்தில்தான் இருக்கிறது. அங்கே சங்கிலி வண்டியை மேலே இழுத்து விடும். அப்புறம் இறக்கம்தான் இன்ஜின்.

இந்த யோசனையே பாரம் இறக்கும் வேலையில் பிறந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மலையில் மாவ்ச் சங்க் என்ற ஊருக்கு 1827இல் நிலக்கரி இறக்க ஒரு தண்டவாளம் போட்டார்கள். நிலக்கரி வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு இறங்கும். காலி வண்டிகளை மேலே இழுத்துப் போகக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளும் இறங்கும்போது ஒரு வண்டியில் ஏறி நின்றுகொண்டு சவாரி வருமாம். பிற்பாடு அதே பாதையில் காசு கொடுத்து மனிதர்கள் ஏறினார்கள். 1884இல் நியூயார்க் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்ப்சன் என்பவர் அதையே கேளிக்கைக்காகக் கட்டினார். கட்டணம் 5 காசு, வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் சுமார். நம் சைக்கிளே அதை முந்திவிடும். அதற்கே கூட்டம் வரிசையில் நின்றது.

கணக்கு உங்களுக்குப் புரியும், பாரம் ஏற்றி இறக்கம் இறங்கியவர். 30 மீட்டர் இறங்கினால் கணக்குப்படி மணிக்கு 87 கிலோமீட்டர் வரும். உயரத்தை 60 மீட்டராக்கினால் வேகம் இரண்டு மடங்காகாது, 123தான். அதிலும் காற்றும் சக்கரமும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். எடுத்ததைத் திருப்பித் தராது. அதனால்தான் அடுத்தடுத்த மேடுகள் பொதுவாகத் தணிந்துகொண்டே போகின்றன. ஆள் நிறைந்த வண்டி காலி வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும், ஏனென்றால் பாரம் கூடும் அளவுக்குக் காற்றின் தடுப்பு கூடுவதில்லை. காலையில் முதல் சுற்று மந்தமாகவும், வெயில் ஏறி பேரிங் கிரீஸ் இளகியதும் துடியாகவும் ஓடும். எங்கள் ஆலையில் ஸ்டெரிலைசரிலிருந்து, அதாவது பழத்தை நீராவியில் அவிக்கும் கலனிலிருந்து, வரும் பழக்கூண்டுகளும் அப்படித்தான். காலையில் மூன்று பேர் தள்ளுவதை மத்தியானம் இரண்டு பேர் தள்ளுவோம்.

சங்கிலி இல்லாத வகையும் உண்டு. அபுதாபியில் 2010இல் திறந்த 'ஃபார்முலா ரோசா', கேபிளை டிரம்மில் சுருட்டும் ஹைட்ராலிக் விஞ்ச் ஒன்றால் வண்டியை இழுத்து 5 நொடிக்குள் மணிக்கு 240 கிலோமீட்டருக்குக் கொண்டுபோய்விடும். ஏறுபவர்களுக்குக் கண்ணைக் காக்கக் கண்ணாடி கொடுக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க விஞ்ச்சோடு இருந்தவன் நான், அதன் டிரம்மையும் கேபிளையும் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை.

முன் சீட்டா, பின் சீட்டா? அண்ணனும் நானும் ஒரு தே தாரிக் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
- தங்கை, பீடோர்

மேலே சொன்ன இரண்டு சவாரியை வைத்தே சொல்கிறேன். முன் வரிசையில் காட்சி. எதிரே எதுவும் மறைக்காது, காற்று முகத்தில் அறையும். ஆனால் முதல் உச்சியில் முன் பெட்டி கீழே எட்டிப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தொங்கும், ஏனென்றால் பின்னால் உள்ள பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. கடைசி வரிசை உச்சிக்கு வரும்போது முன் பெட்டிகள் இறக்கத்தில் பாய்ந்துவிட்டிருக்கும். அவை பின்னால் இருப்பவனைச் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல உச்சிக்கு மேல் இழுத்துத் தள்ளும். ஒரே வண்டி, ஒரே பாதை, ஆனால் அந்த உச்சியை இரண்டு பேரும் கடக்கும் வேகம் வேறு. வயிறு கூச வேண்டுமானால் பின்னால். பின் சீட்டு என்று சொன்னவருக்கு அந்தத் தே தாரிக்.

வண்டியைத் தலைகீழாகப் புரட்டும் வளையம் சரியான வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருப்பது ஏன் என்று மாணவர்கள் கேட்டார்கள். எனக்குச் சரியாக விளக்கத் தெரியவில்லை.
- தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பந்திங்

டீச்சர், உங்கள் மாணவர்கள் கண் நல்ல கண். கேட்டதற்காகவே அவர்களைப் பாராட்டுங்கள்.

முதலில் வாளி. சின்ன வயதில் அம்மா பால் எடுக்கும் வாளியில் தண்ணீர் பிடித்துத் தலைக்கு மேலே சுழற்றுவோம். வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் சிந்தாது. தண்ணீர் நேராகப் போகப் பார்க்கிறது, வாளியின் அடி அதை மடக்கி மடக்கித் திருப்புகிறது. வளையத்தின் உச்சியில் நாம் விழாமல் இருப்பதும் அதனால்தான். ஆனால் அந்த வாளி கீழே வரும்போது கை எப்படி இழுபடும் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கேதான் வட்டத்தின் கோளாறு.

வளையம் சரியான வட்டம் என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் வண்டி விழாமல் போவதற்கு எவ்வளவு குறைந்த வேகம் வேண்டுமோ அந்த வேகம் மட்டும் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டாலும், அடியில் நுழையும்போது உடம்பு தன் எடையைப் போல 6 மடங்கை உணரும். 60 கிலோ ஆள் 360 கிலோவாக அழுந்துவார். வட்டம் பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை, எந்த வட்டத்துக்கும் இந்த 6தான். அதைவிட மோசம், அது வரும் விதம். நேர்ப்பாதையிலிருந்து வட்டத்தில் நுழையும் அந்த ஒரு கணத்தில் 1 மடங்கிலிருந்து 6 மடங்குக்குத் தாவும். கழுத்துக்குத் தயாராக நேரமே கிடையாது. 1895இல் கோனி ஐலண்டில் 'ஃப்ளிப் ஃப்ளாப்' என்று ஏறக்குறைய 7.5 மீட்டர் அகல வட்டம் கட்டினார்கள். ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஏறுவதைவிட வேடிக்கை பார்க்கவே ஆட்கள் காசு கொடுத்தார்கள், அது நிலைக்கவில்லை.

அதற்குப் பிறகு செங்குத்து வளையம் ஒழுங்காக வருவதற்கு 1976 ஆகிவிட்டது. கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் அன்டன் ஷ்வார்ஸ்கோப் கட்டிய வண்டிக்குக் கணக்குப் போட்டவர் வெர்னர் ஸ்டெங்கல், ஜெர்மன் பொறியாளர். அவர் எடுத்துக்கொண்டது க்ளோதாய்டு என்ற வளைவு. இதை மாணவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். ஒரு காடி ஒரே வேகத்தில் போகிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்காமல் ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே போகிறார். அப்போது தரையில் விழும் தடம்தான் அந்த வளைவு. ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் நேரிலிருந்து திருப்பத்துக்கு மாறும் இடத்தில் இதைத்தான் வைக்கிறார்கள். அதை நிமிர்த்தி வளையமாக்கினால் அடியில் அகலம், மேலே போகப்போக ஒடுக்கம். வண்டி வேகமாக இருக்கும் அடிப்பகுதியில் வளைவு இலேசு, அதனால் பாரம் குறைவு. வேகம் குறையும் உச்சியில் வளைவு இறுக்கம், அதனால் ஆள் சீட்டில் ஒட்டியே இருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, பாரம் படிப்படியாக ஏறும். வெறும் அளவு மட்டும் அல்ல, அந்த அளவு எவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறது என்பதையும் உடம்பு பார்க்கிறது. எங்கள் பட்டறையில் சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் பிளாக்கைப் பழகாத பையன் வெடுக்கென்று இழுப்பான், பழகியவன் முதலில் தொய்வை எடுத்துவிட்டு இழுப்பான். தூக்கும் பாரம் இருவருக்கும் ஒன்றேதான், கொக்கி படும் பாடு வேறு.

இன்னொன்றும் ஸ்டெங்கல் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். வண்டியைப் பக்கவாட்டில் உருட்டும்போது தண்டவாளத்தை மையமாக வைத்து உருட்டினால் தலை பெரிய வட்டம் அடித்து இரண்டு பக்கமும் மோதும். ஆளின் நெஞ்சை மையமாக வைத்துத் தண்டவாளத்தை அதைச் சுற்றி வளைத்தால் தலை அமைதியாக இருக்கும். இதை வகுப்பில் ஒரு குடையை வைத்தே காட்டலாம். நுனியைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள், அப்புறம் நடுவில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள்.

பிள்ளைகள் ஏறிவிடுகிறார்கள், எனக்குக் கீழே நின்று உயிர் போகிறது. வண்டி கழன்று பறந்துவிடாதா? ஏறும்போது 'டக் டக்' என்று ஏதோ உடைவதுபோலச் சத்தம் வேறு.
- இரண்டு பிள்ளைகளின் தாய், கோல கெட்டில்

தங்கச்சி, அந்த 'டக் டக்' நல்ல சத்தம். வண்டியின் அடியில் ஒரு இரும்பு நாக்கு இருக்கிறது, ஏற்றம் முழுக்கப் பல்வரிசை. ஒவ்வொரு பல்லைத் தாண்டும்போதும் நாக்கு விழுகிறது. சங்கிலி அறுந்தால்கூட வண்டி அந்தப் பல்லுக்குக் கீழே போகாது. செயின் பிளாக்கில் கேட்பதும் இதே சத்தம்தான். எங்களுக்கு அது நின்றால்தான் பயம். இப்போது சத்தமில்லாத ஏற்றங்களும் செய்ய முடியும், ஆனால் பயத்தைக் கூட்டுகிறது என்பதற்காகவே பலரும் அந்தச் சத்தத்தை விரும்புகிறார்கள்.

வண்டி பறக்காததற்குக் காரணம் சக்கரம். ஒரு செட் தண்டவாளத்தின் மேலே, ஒன்று பக்கவாட்டில், ஒன்று அடியில். தண்டவாளத்தை மூன்று பக்கமும் கவ்விக்கொண்டு ஓடுகிறது. அடிச்சக்கரத்துக்கு 1919இல் காப்புரிமை வாங்கியவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். அந்தச் சக்கரம் வந்த பிறகுதான் மேடுகளைத் துணிந்து கூர்மையாக்க முடிந்தது. பாருங்கள், பயத்தைக் கூட்டும் வழியைத் திறந்ததே ஒரு பாதுகாப்புச் சக்கரம்.

அடுத்தது பாதையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. ஒரு துண்டில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் உள்ள துண்டு காலியாகாவிட்டால் பின்னால் வருவதைக் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். 2015 ஜூன் மாதம் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' வண்டி மோதியது நினைவிருக்கலாம். அங்கே கம்ப்யூட்டர் சரியாகவே நிறுத்தியது. முன்னால் ஒரு காலி வண்டி நின்றுகொண்டிருப்பது தெரியாமல் ஆட்கள் அந்தத் தடையை மீறி வண்டியை விட்டார்கள். இரண்டு இளம்பெண்கள் காலை இழந்தார்கள். நிறுவனத்துக்கு மறு வருடம் 50 லட்சம் பவுண்டு அபராதம். மெஷின் நில் என்று சொன்னால் ஏன் என்று தெரியும் வரை நிற்க வேண்டும். ஆலையில் இதற்காக நான் மேலதிகாரிகளோடு சண்டை போட்டிருக்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

பிரேக் பற்றிக் கவலைப்படாதீர்கள். இப்போது பல வண்டிகளில் நிலைக்காந்தமும் செம்பு அல்லது அலுமினியத் தகடும்தான். தகடு காந்தங்களுக்கு நடுவே பாயும்போது தானே தடுப்பு உண்டாகும். கரண்ட் போனாலும் அது வேலை செய்யும்.

என் கவலை பெரிய பூங்காவில் இல்லை, ஊர் ஊராகக் கழற்றி மாட்டும் சின்னவற்றில்தான். பல வருடத்துக்கு முன்னால் ஒரு திடலில் பேத்தியை அப்படிப்பட்ட வண்டியில் உட்கார வைத்தேன். கம்பியை மாட்டும் ஆணியில், அது கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். பிள்ளையை இறக்கிவிட்டு, ஓட்டும் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் முறைக்கவில்லை. பெட்டியைத் திறந்து சரியான பின்னைத் தேடி எடுத்து என் கண்முன்னாலேயே மாட்டினான். பிறகு மற்ற எல்லாப் பெட்டியையும் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். இன்னும் இரண்டு இடத்தில் அதே கம்பி. நீங்களும் பாருங்கள் தங்கச்சி. ஆணிகளில் பின் இருக்கிறதா, வெல்டிங் ஓரத்தில் துருக்கோடு ஓடுகிறதா, ஓட்டுபவர் ஒவ்வொரு மடிக்கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா என்று. பார்க்காவிட்டால் பிள்ளையை இறக்கிவிடுங்கள், கொடுத்த 5 வெள்ளி போகட்டும்.

கேமரன் மலை ஏறும்போது தாப்பா தாண்டியதும் வாந்தி எடுக்கும் என் மகன், ரோலர் கோஸ்டரில் மூன்று தடவை ஏறியும் சிரித்துக்கொண்டு வருகிறான். எப்படி?
- தந்தை, ரவாங்

மலைச்சாலையில் மெதுவான ஆட்டம், மணிக்கணக்கில். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, காடிக்குள் பார்க்கும் கண் 'சும்மா இருக்கிறோம்' என்கிறது. அந்தச் சண்டை நீண்டால் குமட்டும். ரோலர் கோஸ்டரில் கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்கின்றன, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்தும் விடுகிறது. அடுத்த தடவை கேமரன் போகும்போது கையில் ஃபோன் கொடுக்காமல் முன்னால் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டர்தான் வேகமானதா?
- கல்லூரி மாணவர், சுங்கை பட்டாணி

இல்லை தம்பி. அமெரிக்காவில் டிஸ்னியின் 'ஸ்பேஸ் மவுண்டன்' 1975இல் திறந்தது, மணிக்கு 45 கிலோமீட்டர் அளவில்தான் போகிறது. நம் ஊர்ச் சாலையில் மோட்டார் போகும் வேகம். அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று தெரியாததால் உடம்பு தயாராக முடிவதில்லை, அதனால் சின்னத் திருப்பமும் பெரிதாகப் படுகிறது. வெளிச்சத்தில் ஓடும் வண்டிகளில் இதையே வேறு விதமாகச் செய்வார்கள். ஒரு தூணையோ குறுக்குச் சட்டத்தையோ தலைக்குப் பக்கத்தில் வருவதுபோல வைப்பார்கள். இடைவெளி தாராளமாக இருக்கும், ஆனாலும் கை தானாகக் கீழே இறங்கும்.

எனக்கு 55 வயது. பால்மரம் வெட்டிய உடம்பு, தெம்பு இருக்கிறது. பேரன் சேர்ந்து ஏறக் கூப்பிடுகிறான். ஏறலாமா?
- ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, பகாவ்

தங்கச்சி, இரத்த அழுத்தம், இருதயம், கழுத்து, முதுகு, இதில் எதற்காவது மருந்து எடுக்கிறீர்கள் என்றால் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். வேண்டாம் என்றால் கீழே நின்று பேரனின் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் அவனுக்குச் சந்தோஷம்தான்.

கிளினிக்கில் சரி என்றால் தாராளமாக ஏறுங்கள். முதல் தடவைக்கு நடு வரிசை போதும். சாப்பிட்ட உடனே வேண்டாம். கண்ணாடி, தோடு, செருப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். தலையைச் சாய்மானத்தில் ஒட்ட வையுங்கள், குனிந்து பேரனைப் பார்க்காதீர்கள், அவன் பத்திரமாகத்தான் இருப்பான். கண்ணைத் திறந்தே வையுங்கள், அடுத்த திருப்பம் தெரிந்தால் கழுத்து தானே தயாராகிவிடும். உச்சிக்குப் போனதும் ஒரு நொடி எல்லாம் நிற்பதுபோல இருக்கும், ஊர் முழுக்கத் தெரியும். அங்கே மூச்சை அடக்காதீர்கள். வாய்விட்டுக் கத்துங்கள். நானும் கத்தினேன்.